ஆமிக்காரர் தூக்கத்தைக் கெடுத்த வாய்ப்பாடு

அவசரகாலச் சட்டம் போட்ட வருடம், அக்கரப்பத்தனைப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆமிக்காரர்கள் வந்து குடியேறினார்கள். ஒரே அறை, ஒரே வாத்தியார். பெஞ்சுகளைத் தூக்கி மழையில் போட்டுவிட்டு உள்ளே படுக்கை விரித்தார்கள். ஐந்து பேருக்கு மேல் எங்கும் கூடி நிற்கக்கூடாது என்று உத்தரவு. பெரட்டுக்கு மட்டும் விலக்கு. விடியற்காலையில் வேலைக்கு ஆள் பிரிக்க நூறு பேரைக் கூட்டி நிறுத்தினால் அது கூட்டமில்லையாம்.

சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஐந்தாம் வகுப்பில் நாங்கள் இரண்டே பெண்கள், நானும், லயத்து வரிசை வீடுகளில் எங்களுக்கு அடுத்த காம்பராக்காரியும். எங்களுக்குத்தான் கவலை. அந்த வருடப் பரீட்சை எழுதினால் டவுன் பள்ளிக்கூடம். எழுதாவிட்டால் கொழுந்துக் கூடை. வாத்தியார் இரண்டு தடவை தோட்டத்துத் துரையைப் பார்க்கப் போய், பங்களா கேட்டோடு திரும்பி வந்தார். "சும்மாதானே இருக்குதுங்க, வேலைக்குப் பேரைப் பதிஞ்சிடலாம்" என்று கணக்கப்பிள்ளை இரண்டு வீட்டுக்கும் சொல்லி அனுப்பினார். திங்கட்கிழமைப் பெரட்டில் அடுத்த காம்பராக்காரியின் பெயர் செக்ரோல் பதிவேட்டில் ஏறிவிட்டது. கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரி அவள்.

என் அம்மா மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. அவளுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். "கூட்டம்தானே போடக்கூடாது? புள்ளைய இஸ்கூல்ல விட்டுட்டு வேலைக்குப் போறது கூட்டமா?" என்று கொழுந்து நிரையில் பக்கத்துப் பெண்களிடம் கிசுகிசுத்தாள். ஒவ்வொருத்தியாக வந்து, தன் பிள்ளையைப் பள்ளிக்கூட வாசலில் உட்கார வைத்துவிட்டுப் போவது. அவ்வளவுதான் திட்டம். எல்லோரும் தலையாட்டினார்கள்.

செவ்வாய்க்கிழமை வாசலில் நான் மட்டும்தான் இருந்தேன். தலையாட்டியவர்கள் ஒருத்தியையும் காணோம். அம்மா மீது எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. துப்பாக்கியோடு ஒருவன் வந்து, "கெதர யன்ன" என்று சிங்களத்தில் வீட்டுக்குப் போகச் சொல்லி லயத்துப் பக்கம் கையைக் காட்டினான். பயத்தில் எனக்கு எழுந்திருக்கவே கால் வரவில்லை. அதை அவன் பிடிவாதம் என்று எடுத்துக்கொண்டான் போலிருக்கிறது. தலையைச் சொறிந்துகொண்டு உள்ளே போய்விட்டான். நான் முழுசாக வீடு திரும்பியதைப் பார்த்த பிறகுதான் மற்றவர்களுக்குத் துணிச்சல் வந்தது. மறுநாள் நான்கு பிள்ளைகள். வெள்ளிக்கிழமை வாசலில் கால் வைக்க இடமில்லை. ஐந்து பேர் சட்டத்தில் பிள்ளைகளும் சேர்த்தியா என்று ஆமிக்காரர்களுக்கே தெரியவில்லை.

சும்மா உட்கார்ந்திருக்கப் பிள்ளைகளால் முடியுமா? வாய்ப்பாடு சொல்ல ஆரம்பித்தோம். இரவெல்லாம் காவல் நின்றுவிட்டுப் பகலில் தூங்குகிறவர்கள் அவர்கள். முப்பது தொண்டையில் ஏழாம் வாய்ப்பாடு கேட்டால் யாருக்குத் தூக்கம் வரும்? அடுத்த வாரம் இரண்டு நாள் பொறுத்தார்கள். மூன்றாம் நாள் அவர்களுடைய பெரியவர் ஜீப்பில் பங்களாவுக்குப் போனார். அவருக்குக் கேட் திறந்தது. மாலைக்குள் மூட்டை முடிச்சோடு பாழடைந்து கிடந்த பழைய தேயிலை ஸ்டோருக்குப் போய்விட்டார்கள். பெஞ்சுகளை உள்ளே தூக்கிப் போட்டது, என்னை விரட்டப் பார்த்த அதே ஆள்தான். அப்பாடா என்றிருந்தது எனக்கு. அன்றைக்கு எடுத்த பசியில் அம்மா பங்கு ரொட்டியையும் நானே தின்றேன்.

மறுநாள் வாத்தியார் என்னை எழுப்பிப் பதினாறாம் வாய்ப்பாட்டை உரக்கச் சொல்லச் சொன்னார். பதிமூன்று பதினாறு வந்ததும் நின்றுவிட்டேன். பள்ளிக்கூடத்துக்கு மேலே மலையில் அடுத்த காம்பராக்காரி கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். "எரநூத்தி எட்டு!" என்று அங்கிருந்து கத்தினாள். வகுப்பே சிரித்தது, வாத்தியாரும் சிரித்தார். பக்கத்து நிரையில் நின்ற அவள் அம்மா மட்டும் சிரிக்கவில்லை என்று என் அம்மா வந்து சொன்னாள்.

அடுத்த நாள் பெரட்டுக்கு அந்த அம்மா மகள் இல்லாமல் வந்தாள். கணக்கப்பிள்ளை மகளின் பெயரைக் கூப்பிட்டதும், "அதை வெட்டிருங்கய்யா. அது இஸ்கூலுக்குப் போகுது" என்றாளாம். அவர் முணுமுணுத்துக்கொண்டே பேனாவை எடுத்தாராம்.

நான் பள்ளிக்கூடம் போனபோது அவள் எனக்கு முந்தி வந்து, பெஞ்சில் முக்கால்வாசியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மிச்சத்தில் நான் உட்கார்ந்தேன்.