மாடியில் இருந்த மேசை

சம்பளம் இல்லாத உத்தியோகங்களிலேயே அதிகம் அலைய வைப்பது சங்கச் செயலாளர் உத்தியோகம். காலனிச் சங்கமோ பஜனைச் சங்கமோ, அந்த நாற்காலியில் நீங்களும் ஒருமுறை மாட்டிக்கொண்டிருந்தால் நான் சொல்வது புரியும். எழுபதுகளில் மந்தைவெளியில் ஊனமுற்றோர் விளையாட்டுச் சங்கம் ஒன்றுக்கு நான் செயலாளர். கைக்கடிகாரம் ரிப்பேர் செய்கிறவன். இடது காலைத் தாங்கிப் பிடிக்க இரும்புக் காலிப்பர். நன்றாகப் பேசத் தெரிந்தவர்கள் எல்லோரும் பதவி வேண்டாம் என்றதால் அது எனக்கு வந்தது.

எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று. ராஜா அண்ணாமலைபுரத்து மனமகிழ் மன்றம் ஒன்றில் டேபிள் டென்னிஸ் மேசை மாடியில் கிடந்தது. அதைக் கீழே இறக்கிப் போட வேண்டும். எங்கள் வசந்தா சக்கர நாற்காலியில் உட்கார்ந்து ஆடுகிறவள். டெலிபோன் ஆபரேட்டர். வீட்டுச் சாப்பாட்டு மேசையில் குறுக்கே கயிறு கட்டிப் பழகியே பெங்களூர் போய்ப் பதக்கம் வாங்கி வந்திருந்தாள்.

தூக்க ஆள் உண்டு

மன்றத் தலைவர் நல்ல மனிதர். காபி கொடுத்தார், மனுவையும் படித்தார். "மேசை எதுக்குங்க இறங்கணும்? வாட்ச்மேன் ரெண்டு பேர் இருக்காங்க. நாற்காலியோட அலாக்கா தூக்கிட்டுப் போயிடுவாங்க" என்றார்.

என்னோடு வந்திருந்த வசந்தா கேட்டாள்: "பாத்ரூம் கீழ இருக்கு சார். நடுவுல போகணும்னா மறுபடியும் அந்த ரெண்டு பேரைக் கூப்பிடணும். அதுக்குப் பயந்து காலையிலேர்ந்து தண்ணி குடிக்காம இருக்கணும். ஆபீஸ்ல அப்படித்தான் இருக்கேன். ஆட வர்ற இடத்துலயும் அப்படியேவா?"

தலைவர் காபி டம்ளரையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "லேடீஸ் சமாசாரத்தை எல்லாம் எங்கிட்ட எதுக்கும்மா சொல்றே?"

விட்டுக்கொடுத்த தம்பி

ஊர் ஆதரவைத் திரட்டலாம் என்று தி.நகரில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் காட்சி ஆட்டம் வைத்தோம். வசந்தாவோடு ஆட வந்தவன் கல்லூரி சாம்பியன். அன்றைக்கு அவன் அடித்த பந்தெல்லாம் வலையிலேயே விழுந்தது. ஒவ்வொன்றுக்கும் கைதட்டல் வேறு. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. அவளுக்கு என்னைவிட அதிகம். மட்டையை மடியில் வைத்துவிட்டு, "தம்பி, ஆடறதா இருந்தா ஆடு. இல்லன்னா வீட்டுக்குப் போ" என்றாள்.

அதற்கும் கைதட்டினார்கள். பையன் கிட்டே வந்து தாழ்ந்த குரலில் சொன்னான்: "முன்வரிசையில எங்கம்மா உக்காந்திருக்காங்கக்கா. உங்களைத் தோக்கடிச்சா எனக்கு ராத்திரி சோறு கிடையாது."

உசத்தியான பரிசு

அன்றைக்குப் பரிசு கொடுத்தவர் ஒரு ஜவுளிக்கடை முதலாளி. "என்ன வேணும்னாலும் கேளும்மா" என்று மைக்கை நீட்டினார். வசந்தா மேசை, படி, பாத்ரூம் எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னாள். முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார். காரியம் முடிந்தது என்று நினைத்தேன். திரைக்குப் பின்னாலிருந்து ஒரு தையல் மெஷின் வந்தது. காலால் மிதிக்கிற மெஷின்.

இரண்டு காலும் அசையாத பெண் இதை என்ன செய்வாள் என்று கடை மேனேஜரிடம் மெதுவாகக் கேட்டேன். அவர் சங்கடப்படவே இல்லை. "கையால சுத்தறதும் பார்த்தோம் சார். மொதலாளிதான், பாவம், அந்தப் பொண்ணுக்கு உசத்தியானதையே குடுங்கன்னு சொல்லிட்டாரு."

மெஷின் போன இடம்

வசந்தா அதை என் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். அப்போது என் மனைவி இருந்தாள். எங்கள் ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் அதில் சட்டை தைத்தாள். ஒருநாள் நான் மன்றத்தில் இன்னொரு மனுவைக் கொடுத்துவிட்டு, காலிப்பர் உரசிய இடம் எரிய, வீடு திரும்பினேன். முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு ஒரு சட்டையை நீட்டினாள்.

"உங்க சங்கத்துக்குக் கிடைச்சதுல உருப்படியானது இந்த மெஷின் ஒண்ணுதான். போட்டுப் பாருங்க, தோள் சரியா இருக்கா?"

வாக்ஓவர்

மன்றத்தின் வருடாந்தரப் போட்டியில் வட்டாரப் பெண்கள் யாரும் சேரலாம் என்று விதி இருந்தது. வசந்தா பெயர் கொடுத்தாள். அன்று வந்து மாடிப்படிக்குக் கீழே நாற்காலியை நிறுத்திக்கொண்டாள். மேலே வராவிட்டால் எதிராளிக்கு வாக்ஓவர் என்று குரல் வந்தது. "நான் வந்துட்டேன். மேசைதான் வரலை" என்றாள்.

எதிராளி மயிலாப்பூர் பத்மா மாமி. வருஷா வருஷம் கோப்பை வாங்குகிறவர். புடவைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கி வந்து, தலைவரிடம் கேட்டார்: "ஆடாமலே ஜெயிச்சேன்னு ஆத்துல போய் எப்படிச் சொல்லிக்கறது? மேசையை இறக்குங்கோ." எங்கள் மனுக்களுக்கெல்லாம் அசையாத தலைவர் மாமிக்கு அசைந்தார். நாலு பேர் மேசையை இரண்டாகக் கழற்றி இறக்கினார்கள்.

மாமி கொஞ்சமும் இரக்கம் காட்டவில்லை. வசந்தா ஒரு கேம் கூட எடுக்காமல் தோற்றாள். முகமெல்லாம் வேர்வையும் சிரிப்புமாக இருந்தவளிடம் தலைவர், "தோக்கறதுக்காம்மா இத்தனை ரகளை?" என்றார்.

"ஆமா சார், யாருமே தோக்க விட மாட்டேங்கறாங்களே."

மேசை அப்புறம் மாடிக்குப் போகவே இல்லை, எங்கள் மனுக்களைப் படித்து மனம் மாறியதால் அல்ல, அதைத் திரும்பத் தூக்கிக்கொண்டு படியேற மன்றத்தில் ஒருவருக்கும் மனசு வராததால்.