அடுப்படிக்குள் செருப்பு

காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்ததும் குதிகாலில் ஆணி அடித்தாற்போல் இருக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டிக் குளியலறைக்குப் போய் வருவதற்குள் வலி குறைந்துவிடும். வேலை செய்யும் நேரமாகப் பார்த்து வருகிற வலி என்று என் கணவர் கண்டுபிடித்தார். அன்று முழுவதும் அவரோடு நான் பேசவில்லை.

விவேக் நகரில் எங்கள் வீட்டுக்குச் சட்டம் போடுகிறவர் என் மாமியார். கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில் குடும்பம் நடத்தியவர். அவருக்குத் தெரியாத வைத்தியம் கிடையாது. செங்கல்லைச் சுட்டு, மேலே எருக்க இலையைப் பரப்பி, "மிதிம்மா, வாதம்லாம் எறங்கிடும்" என்றார். மிதித்தேன். வாதம் இறங்கியதோ இல்லையோ, கொப்புளம் ஏறியது.

கடைசியில் பிசியோதெரபி செய்யும் ஒரு கன்னடப் பெண்ணிடம் போனேன். குதிகாலிலிருந்து விரல் வரைக்கும் பாதத்தின் அடியில் ஒரு பட்டை ஓடுகிறதாம். நின்று நின்று அது நைந்துபோகிறது. இரவெல்லாம் இறுகிக் கிடப்பதால் காலையில் மிதித்ததும் வலிக்கிறது. எழும் முன் படுக்கையிலேயே பாதத்தில் துண்டை மாட்டி விரல்களை நம் பக்கம் இழுக்க வேண்டும். சுவரில் கை ஊன்றிக் கெண்டைக்காலை நீட்ட வேண்டும். உறைய வைத்த தண்ணீர் பாட்டிலைக் காலடியில் உருட்ட வேண்டும். குணமாக மாதக்கணக்கில் ஆகலாம். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

"அப்புறம் ஆன்ட்டி, வீட்டுக்குள்ளயும் மெத்துனு செருப்பு போடணும். வெறுங்கால்ல நிக்கவே பேடா, வேணாம்" என்றாள். வீட்டுக்கு வந்து மாமியாரிடம் அதைச் சொன்னேன்.

"வூட்டுக்குள்ள செருப்பா? மாதா படம் மாட்டியிருக்கிற வூடும்மா இது" என்றார் மாமியார். கணவர் போனுக்குள் தலையை விட்டுக்கொண்டார். நானும் லேசுப்பட்டவள் இல்லை. நின்று சமைக்க முடியாது என்று சொல்லிவிட்டேன். தெருவை மிதிக்காத புது ஜோடியாக இருந்தால் சரி என்று மாமியார் இறங்கி வந்தார். வாங்கி வந்ததும் அதன்மேல் மாதா கோவில் தீர்த்தம் தெளித்தார். காருக்கும் பைக்குக்கும் தெளித்துப் பார்த்திருக்கிறேன். செருப்புக்கு அன்றுதான் பார்த்தேன். ஆனால் அடுப்படி வாசலில் கழற்றிவிட வேண்டும் என்றார். நான் அதிக நேரம் நிற்பதே அங்கேதான். கூடத்தில் மகாராணி போல நடந்துவிட்டு, அடுப்படியில் வெறுங்காலோடு கல்தரையில் நின்றேன். வலி எப்படிப் போகும்?

ஒரு நாள் காலையில் அடுப்படி வாசலில் விட்டிருந்த செருப்பைக் காணவில்லை. தூக்கி எறிந்தேவிட்டார் என்று சண்டைக்குத் தயாராகி உள்ளே போனேன்.

மாமியார் பால் காய்ச்சிக்கொண்டிருந்தார். காலில் என் செருப்பு.

என்னைப் பார்த்ததும் அவசரமாகக் கழற்றித் தரையில் கால் வைத்தார். முகம் சுருங்கியது. அந்தச் சுருக்கம் எனக்கு நன்றாகத் தெரியும்.

"எத்தனை நாளா அத்தை?" என்றேன்.

"நாளா? உன் வூட்டுக்காரன் இஸ்கூல் போற காலத்துலருந்து கீது. உன் மாமனார் கிட்ட சொன்னேன், சிரிச்சாரு. அப்பால யார் கிட்டயும் சொல்லல."

எனக்குக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. பால் பொங்குகிற மாதிரி இருக்க, அடுப்பைக் குறைத்தேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் கொஞ்ச நேரம் போட்டுக்கட்டுமா?" என்று கேட்டார்.

அந்த வீட்டில் அவர் யாரிடமும் எதற்கும் அனுமதி கேட்டு நான் பார்த்ததே இல்லை.