எண்பது நிமிடக் காவல்

கூடத்திலிருந்து கைகளைக் குவித்துத் தட்டும் ஓசை மூன்று முறை கேட்டது. யாரோ ஒரு கோப்பை யங்கோனா வேர்ச்சாற்றைக் குடித்து முடித்திருக்கிறார்கள். தொடர்ந்து வீடே அதிரும் கூச்சல்.

சமையலறையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த பவுலியாசியின் முகம் வாடியது.

“மறுபடியும் நம்மாளுங்களா?”

“நம்மாளுங்கதான். அறுபத்தாறுக்கு சைபர்,” என்றாள் மனைவி வசிதி.

அந்தக் காலையில், எதிரணி முன்னேறி வரவேண்டும் என்று ஆண்டவரை மன்றாடிய ஒரே பிஜிக்காரர் பவுலியாசிதான். சுவா தபால் நிலையத்தில் முப்பத்தொரு வருடம் முத்திரை குத்தியவர். ஒவ்வொரு குத்துக்கும் ஒரு முறை, “என் மகன் எசாலா நாட்டுக்காக ஆடுவான்” என்று சொன்னவர். அந்த மகன் இன்றுதான் ரக்பி உலகக் கோப்பையில் களமிறங்கியிருந்தான். லீக் சுற்றில், முதன்முறை வந்த ஒரு குட்டி நாட்டுக்கு எதிராக. எல்லாருக்கும் பின்னால் நின்று தடுக்கும் கடைசிக் காவல் அவனுடையது. பந்து அவனிடம் வரவேயில்லை. தொலைக்காட்சியும் அவன் பக்கம் திரும்பவில்லை. பெற்ற மனம் அதைப் பார்க்கப் பொறுக்காமல் சமையலறையில் ஒளிந்திருந்தது.

“அவன் கொஞ்சம் முன்னாடி போகலாமே, வசிதி?”

“நேத்து போன்ல ‘இடத்தை விட்டு அசையாதே மகனே’ன்னு அழுதது யாரு?”

பவுலியாசி அடுத்த தேங்காய் மூடியை எடுத்தார்.

“டேய் கெழட்டு நண்டே!” கூடத்திலிருந்து இனோகேயின் குரல். “உன் பையன் டிக்கெட் எடுத்தானா, ஓசியில பாக்குறானா?”

இனோகே அவருக்குத் தௌவூ. முன்னோர் தெய்வம் ஒன்றாக உள்ள ஊர்க்காரன். அவன் எவ்வளவு வேண்டுமானாலும் கேலி செய்யலாம், வீட்டில் பிடித்ததை எடுத்துக்கொண்டும் போகலாம். இவர் கோபப்படக் கூடாது.

திடீரென்று, “எசாலா!” என்று பலர் கத்தினார்கள். பவுலியாசி கையெல்லாம் தேங்காயுடன் ஓடினார். எண்பது நிமிட ஆட்ட நேரம் முடிந்திருந்தது. பந்தை வெளியே தள்ளினால் போதும், ஆட்டம் முடிந்துவிடும். அணித்தலைவன் இரக்கப்பட்டு எசாலாவை அழைத்து, பந்தைக் கையில் கொடுத்தான். எசாலா அதைப் பார்வையாளர் கூட்டத்துக்குள் உதைத்தான். விசில் ஒலித்தது. தொண்ணூற்று நான்குக்குப் பூஜ்யம்.

பவுலியாசியின் கண்ணீர் மீசையில் இறங்கியது. கூடம் மெல்லக் காலியானது. இனோகே மட்டும் தயங்கி எழுந்தான்.

“நல்லா உதைச்சான், அண்ணா. பெருமையா இருக்கு. வர்றேன்.”

பதினேழு வருடப் பழக்கத்தில் அவன் அண்ணா என்று அழைத்ததே இல்லை. பவுலியாசி வழியை மறித்தார்.

“என் மேல பரிதாபப்படுறியா?”

“சேச்சே. அப்படி இல்லண்ணா.”

“என் வீட்டுல நின்னு மரியாதையா பேசுறியே, நான் என்ன செத்தா போயிட்டேன்? எதையாவது எடுத்துட்டுப் போடா!”

இனோகே அவரை ஒரு கணம் பார்த்தான். பிறகு கொடியில் தொங்கிய, இன்னும் மடிப்புக் கலையாத பூப்போட்ட சட்டையை உருவித் தோளில் போட்டுக்கொண்டான்.

“இதை எடுத்துக்கறேன். உன் பையன் மாதிரியே கசங்காம புதுசா இருக்கு.”

“திருட்டுப் பயலே,” என்றார் பவுலியாசி. அப்போதுதான் அவருக்கு மூச்சு வந்தது.

இனோகே சிரித்துக்கொண்டே படியிறங்கினான். பவுலியாசி கதவைச் சாத்தினார்.