பொன்ராஜ் வீட்டு செண்ட் பாட்டில் சம்மேளனம்

அன்னமேரிக்குக் கல்யாணமான புதிதில் ஊரே அவளைப் பார்த்து வயிறெரிந்தது. வண்டன்மேட்டு ஏலக்காய் ஸ்டோரில் காய் பொறுக்குகிறவளுக்கு சார்ஜாக்காரன் புருஷனாக வாய்த்தால் எரியாதா பின்னே? அதுவும் செண்ட் கடைக் குடோனில் வேலை. "இனி நீ இங்க நடந்தா கம்பம் வரைக்கும் மணக்கும்டி" என்றாள் பக்கத்தில் உட்கார்ந்து காய் பொறுக்கும் கோமதி.

மணக்கவில்லை. முதல் லீவில் வந்த பொன்ராஜ் பெட்டியைத் திறந்து காட்டினான். கண்ணாடித்தாள் பிரிக்காத செண்ட் டப்பாக்கள் ஒருபக்கம், யாரோ அடித்துத் தீர்த்த காலி பாட்டில்கள் மறுபக்கம். அன்னமேரி ஆசையாகக் கையை நீட்டினாள். தட்டிவிட்டான். பிரித்தால் மதிப்புப் போய்விடுமாம். காலி பாட்டிலையாவது மோந்து பார்க்கலாமென்றால் மூச்சுக்காற்று பட்டுக் கண்ணாடி மங்குமாம். கடலை விற்கிறவன்கூட நடுவில் ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொள்வான். இப்படியும் ஒரு பிறவியா என்று அன்றைக்கே அவளுக்குப் பட்டுவிட்டது.

மற்ற வளைகுடாக்காரர்கள் போர்வையும் தைலமும் பால்பவுடருமாக வந்து இறங்கினார்கள். பொன்ராஜ் ஒவ்வொரு லீவிலும் பாட்டிலோடு இறங்கினான். கடைசியில் உடம்பு நிறைய சர்க்கரையும் அட்டைப்பெட்டி நிறையக் கண்ணாடியுமாக ஊரோடு வந்து சேர்ந்தான். வெளிச்சமும் காற்றும் உள்ள முன்னறை அலமாரிகளுக்குப் போனது. புருஷனும் பெண்டாட்டியும் அடுப்படியை ஒட்டிய அறையில் புகைக்குள் படுத்தார்கள். அடுப்பு எரிந்தது என்னவோ அன்னமேரி காய் பொறுக்கியதால்தான். பொன்ராஜுக்கு மஞ்சள் துணியால் பாட்டில் துடைப்பதும், தன்னைப் போன்ற ஆட்களைப் போனில் தேடிப்பிடித்து ராப்பகலாகப் பேசுவதும் முழுநேர உத்தியோகமாயிற்று. அப்படிப் பிடித்த ஆட்கள் சேர்ந்து ஒரு சங்கமும் கண்டார்கள்.

கோமதிக்கு வாசனை என்றால் உயிர். வேலை முடிந்ததும் குழாயடியில் கையை வாசனை சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவாமல் வீட்டுக்குக் கிளம்பமாட்டாள். அன்னமேரியைச் சீண்டுவதென்றால் அவளுக்குப் பொழுது போவதே தெரியாது.

"நா செத்தாலாச்சும் ஒரு பீச்சு பீச்சுவியாடி? இல்ல, ஒம் புருசன் அப்பவும் மூடியக் கழட்டாமத் தூரத்துல வச்சுக் காட்டிட்டுப் போயிருவாரா?"

"ஒரு பாட்டில முழுசாக் கவுத்துருவேன், போ" என்று அன்னமேரி வாக்குக் கொடுத்தாள். இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

அந்தக் கோமதி மார்வலி கண்டு செத்துப்போனாள். மகள் பெங்களூரிலிருந்து வந்து சேரும்வரை ஆஸ்பத்திரி சவக்கிடங்கில் வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை எடுப்பதென்று முடிவானது. பொன்ராஜின் சங்கம் அவன் வீட்டில் கூடுவதும் அதே ஞாயிற்றுக்கிழமை. இன்னொரு நாள் வைத்துக்கொள்ளச் சொல்லி அன்னமேரி கேட்டாள்.

"கோயம்புத்தூர்ல இருந்து வாராக, வடகரப்பதில இருந்து வாராக. செத்தவ எங்கயும் போயிற மாட்டா" என்றான் பொன்ராஜ்.

வந்தார்கள். வாசலில் மலையாளத்தில் சம்மேளனம் என்று ஒரு பேனர். உள்ளே பெரிய மனிதர்கள் ஆளுக்கொரு வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு, பிறந்த குழந்தையை வாங்குவதுபோல பாட்டில்களை மாற்றி மாற்றி வாங்கினார்கள். மூடியைத் திருகுவார்கள், அடிப்பாகத்தைக் கவிழ்த்துப் பார்ப்பார்கள், 'ஹா' என்பார்கள். அவர்களுக்குள்ளும் இரண்டு சாதி. பிரிக்காத பாட்டில் வைத்திருப்பவர்கள் காலி பாட்டில் வைத்திருப்பவர்களைக் குப்பை பொறுக்கிகளாக நினைத்தார்கள். காலிக்காரர்களோ மற்றவர்களை வெறும் கடைக்காரர்கள் என்றார்கள். மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும்போதுகூடத் தனித்தனி வரிசை. கறி போதவில்லை என்பதில் மட்டும் இரு தரப்பும் ஒன்றாயின. தலைவர் சின்னமுத்து, வடகரப்பதிக்காரர், பாங்கில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், மற்றவர் பேச்சுக்கெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். இவ்வளவு செண்டுக்கு நடுவே அந்த அறையில் வியர்வை நாற்றந்தான் அடித்தது.

பரிமாறிவிட்டு அன்னமேரி கோமதியின் வீட்டுக்கு ஓடினாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பெட்டியைத் திறந்தபோது நின்றவர்கள் ஒரு எட்டு பின்வாங்கினார்கள். சவக்கிடங்கில் கரண்ட் போய்ப் போய் வந்திருக்கிறது. பத்தியைக் கட்டுக்கட்டாகக் கொளுத்தியும் பன்னீரைக் கொட்டியும் அந்த வாடை அடங்கவில்லை. ஜீப் ஓட்டும் கோமதியின் மகன் அருண்பாண்டி கட்டப்பனைக்குப் போய் செண்ட் வாங்கி வரலாமா என்றான். போய் வருவதற்குள் இருட்டிவிடும் என்றார்கள் பெரியவர்கள். பெற்ற மகளே முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு அழுவதை அன்னமேரி பார்த்தாள். கோமதி இப்படிப் போகக்கூடாது என்பதைத் தவிர வேறொன்றும் அவள் மனதில் இல்லை.

வீட்டுக்கு வந்து பொன்ராஜை அடுப்படிக்கு இழுத்து, ஒரே ஒரு பாட்டில் கேட்டாள்.

"அது செண்டு இல்ல புள்ள, கலெக்சன் பீஸு" என்றான் அவன். அவள் நகராமல் நிற்கவே, உள்ளே போய் விஷயத்தைச் சபையில் வைத்தான். காலிக்காரர்கள் தங்களிடம் இருந்தால் தரமாட்டோமா என்று பெருந்தன்மையோடு கையை விரித்தார்கள். பிரிக்காதவர்கள் கூரையைப் பார்த்தார்கள். ஒருவர், அடக்கத்துக்கு ஏற்ற வாசனை எது என்பது ஆழமான கேள்வி என்றார். சின்னமுத்து கண்ணைத் திறந்தார்.

"ஏனுங்க, நம்மனால ஆனது ஒரு அனுசோசனம், அதானுங்க இரங்கல். எல்லாரும் எந்திரிச்சு ஒரு நிமிசம் மௌனமா நின்னுரலாமுங்க. அந்தம்மாவுக்கும் மரியாதை, நமக்கும் ஒரு திருப்தி."

நாற்காலிகள் தரையில் உராய்ந்தன. எல்லோரும் கையுறைக் கைகளைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து, கண்ணை மூடினார்கள்.

அன்னமேரி கதவோரம் நின்றாள். அறை மாதாகோயில் பீடம்போல அமைதியாக இருந்தது. அவள் நேரே நடு மேசைக்குப் போனாள். அங்கே தனிப் பட்டுத்துணிமேல் வைத்திருந்தது பொன்ராஜின் பெருமையெல்லாம் சேர்ந்த டப்பா. செய்த கம்பெனியே இப்போது இல்லையாம். அது வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அன்னமேரி பெயரைச் சொல்லிக் கூப்பிடும்போதுகூட அவன் பார்வை அதன்மேல்தான் இருக்கும். கண்ணாடித்தாளின் ஓரத்தில் நகத்தைக் கொடுத்துக் கிழித்தாள். அந்த மௌனத்தில் அது கூரைத் தகரம் பிய்ந்ததுபோலக் கேட்டது. பொன்ராஜின் ஒரு கண் திறந்தது. வாயும் திறந்தது. ஆனால் தலைவர் குனிந்த தலை நிமிரவில்லை. அனுசோசனத்துக்கு நடுவில் எப்படிப் பேசுவான்? மற்ற கண்களும் ஒவ்வொன்றாகத் திறந்தன. யாரும் அசையவில்லை. சபை ஒழுங்கை மீறிய பெயர் தனக்கு வேண்டாமென்று ஒவ்வொருவரும் அடுத்தவரைப் பார்த்தார். டப்பாவை மேசையிலேயே போட்டுவிட்டு, நீல பாட்டிலை மட்டும் மடியில் செருகிக்கொண்டு அன்னமேரி படியிறங்கினாள்.

கோமதியின் கழுத்தில், கைகளில், தலைமுடியில், புதுப்புடவையின் மடிப்புகளில் எல்லாம் பீச்சினாள். பழைய செண்ட்தான், கொஞ்சம் சாராய நெடிகூட இருந்தது. ஆனால் அடுத்த மூச்சில் பூவும் கட்டையும் கலந்த ஒரு மணம் எழுந்து அந்த வாடையை அமுக்கிப்போட்டது. பின்வாங்கி நின்றவர்கள் கிட்டே வந்தார்கள். மகள் முந்தானையை விட்டுவிட்டுத் தாயின் முகத்தோடு முகம் வைத்து அழுதாள். வழியில் அடித்துக்கொண்டே போகச் சொல்லி பாட்டிலை அருண்பாண்டி கையில் கொடுத்தாள் அன்னமேரி.

பாடை கிளம்பும் நேரத்தில் பொன்ராஜ் மூச்சிரைக்க ஓடிவந்தான், கையுறையைக்கூடக் கழற்றாமல். சீல் போனாலும் காலி பாட்டிலுக்கென்று ஒரு அந்தஸ்து உண்டு, போய் வாங்கி வாருங்கள் என்று தலைவர் அனுப்பியிருந்தார். யாரோ அவன் தோளுக்குப் பாடையை மாற்றிக் கொடுத்தார்கள். அவனும் சுமந்தான், பார்வை முழுக்க அருண்பாண்டியின் கையில். பெண்கள் தெருமுக்கில் நின்றுவிட்டார்கள். அன்னமேரியும் நின்று, வெள்ளைக் கையுறை தேயிலைச் சரிவில் இறங்கி மறைவதைப் பார்த்தாள்.

மறுநாள் காலை அருண்பாண்டி வந்தான். பொன்ராஜ் முன்னறையில் காலி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். அவனைத் தொந்தரவு செய்ய வேண்டாமென்று அருண்பாண்டி வாசலிலேயே நின்று மெதுவாகப் பேசினான்.

"பொணத்துக்கு அடிச்சத வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாதுன்னு பெரியாளுக சொன்னாக சித்தி. பாட்டில அம்மா காலடியிலயே வச்சுட்டேன். மண்ணு தள்ளும்போது பாக்கணுமே சித்தப்பாவ. 'மெதுவாப் போடுங்கய்யா, கல்லு கெடக்கு, பாத்து, மெதுவா'ன்னு ஒவ்வொரு மம்பட்டிக்கும் கெஞ்சுறாரு. எங்கம்மா கூடப் பொறந்தவுகளுக்குக்கூட அப்படித் தோணல. அங்க நின்ன அத்தன பேரும் அதுக்குத்தான் அழுதோம்."

அன்னமேரி முன்னறைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"அவரும் அழுதாரா?"

"தேம்பித் தேம்பி, சித்தி."

"அழட்டும்" என்றாள். ஸ்டோருக்கு நேரமாகியிருந்தது. தூக்குவாளியை எடுத்துக்கொண்டு அவனோடு கீழே இறங்கினாள்.