பத்தடி அறையில் இருபதடி

கண்ணாடிக் கடையில் கண் பார்க்கிறவனுக்கு ஒரு சாபம் உண்டு: வருகிறவர்களில் பாதிப்பேர், குறை தங்கள் கண்ணில் இல்லை, உலகத்தில்தான் என்று நிரூபிக்க வருவார்கள். இதே தொழிலில் தலையைப் பிய்த்துக்கொண்ட அன்பர்களே, உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அறுபதுகளின் கடைசியில் நானும் யாழ்ப்பாணத்தில் அப்படி ஒரு கடையில் மாட்டிக்கொண்டிருந்தேன்.

சுவருக்கு அங்காலை

கண் பரிசோதிக்க இருபதடி தூரம் வேண்டும். எங்கள் அறையோ பத்தடி. அதனால் இடவலம் மாற்றி எழுதிய பலகையை வருகிறவரின் தலைக்கு மேலே மாட்டி, எதிர்ச்சுவரில் நிலைக்கண்ணாடி வைத்திருந்தோம். அதற்குள் பார்த்தால் எழுத்துகள் நேராகி, இருபதடிக்கு அப்பால் நிற்கும்.

புத்தூரிலிருந்து வந்த புகையிலைத் தோட்டக்காரருக்கு இதை விளக்கினேன். அவர் எழும்பிப் போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "அங்காலை இருக்கிற மற்றப் பத்தடி ஆரின்ரை காணி, தம்பி?"

உயர்ந்த நிலம்

நெல்லியடியிலிருந்து வந்த ஓய்வுபெற்ற ரீச்சர், பலகையை ஒரு வகுப்புக்கே கேட்கும் குரலில் வாசித்தார். ஐந்தாம் வரியில் ஓர் எழுத்தைப் பிழையாகச் சொல்லிவிட்டு, "இல்லை, இல்லை" என்று தன்னையே திருத்தினார்.

புதுக் கண்ணாடியில் நிலம் கிட்ட வந்ததுபோலத் தெரியும். வெறுந்தரையில் படி ஏறுகிறவர்போல் காலைத் தூக்கித் தூக்கி வைத்தார். நாலு நாளில் பழகிவிடும் என்றேன். "கண்ணாடி நல்லாயிருக்கு. நிலத்தைத்தான் கொஞ்சம் கீழை பதிச்சு விடும், தம்பி" என்றார்.

ரீச்சருக்கு அடுத்தவர்

ரீச்சர் பலகை வாசித்த அன்று வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தவர் வடகரை மீனவர், வள்ளத்தில் சுக்கான் பிடிக்கிறவர். மருமகன் வற்புறுத்திக் கூட்டி வந்திருந்தான். கரையிலுள்ள கோயில் கோபுரமும் ஒரு தனிப்பனையும் கடலிலிருந்து பார்க்க ஒரே நேரில் வருமிடம்தான் அவர்கள் வலை போடுமிடம். அது தெரியாதவர் சுக்கான் பிடிக்க முடியாது.

பலகையை ஒரு பிழையில்லாமல் ஒப்புவித்தார். ஐந்தாம் வரியில் "இல்லை, இல்லை" என்பதையும் விடவில்லை! எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் மருமகனை ஓரக்கண்ணால் பார்ப்பதைக் கண்டதும் சிரிப்பு அடங்கிவிட்டது. மருமகனைத் தேத்தண்ணி வாங்க அனுப்பிவிட்டு, மெல்ல விசாரித்தேன்.

"ரெண்டு வருசமாக் கோபுரத்தைக் காணேல்லை, தம்பி. தண்ணியின்ரை நிறத்தையும், கயித்திலை இறக்கிற ஈயத்திலை ஒட்டி வாற சேத்தையும் பாத்துத்தான் போறன். மருமகன் அறிஞ்சால் சுக்கானை வாங்கிப் போடுவான். பிறகு நான் கரையிலை இருந்து கிழிஞ்ச வலை பொத்த வேண்டியதுதான்."

சட்டைப் பைக்குள்

ஒருவாறு சம்மதிக்க வைத்துக் கண்ணாடி கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் பயம் பிடித்தது. இரண்டு வருடமும் இடம் பிசகிப் போயிருக்கிறோம் என்று அந்தக் கண்ணாடியே காட்டிவிட்டால், மனுசன் தானாகவே சுக்கானை விட்டுவிடுவாரே!

இரண்டு கிழமை கழித்து இருவரும் வந்தார்கள். கண்ணாடி சட்டைப் பைக்குள் இருந்தது. "சுக்கான் இப்ப ஆரிட்டை?" என்று கேட்டேன்.

"மாமாட்டைத்தான்" என்றான் மருமகன். வழக்கம்போல நிறத்தையும் சேற்றையும் பார்த்தே போய், நங்கூரத்தை இறக்கிய பிறகுதான் மாமா கண்ணாடியை எடுத்து மாட்டிக் கரையைப் பார்த்தாராம்.

பெரியவர் சிரித்தார். "கோபுரம் நான் விட்ட இடத்திலைதான் நிக்குது, தம்பி!"

அவருடைய பார்வைக்குறை எவ்வளவு என்று என் கொப்பியில் சரியாகத்தான் எழுதியிருக்கிறேன், அவருக்கு எவ்வளவு தெரியும் என்று எழுதத்தான் அதில் இடமில்லை.