ரெபேக்காளின் சுமைதாங்கி

எப்சிபா குரலை உயர்த்தினால் சித்தூர் மார்க்கெட்டில் பக்கத்துக் கடைக்காரனின் தராசும் நேராக நிற்கும் என்பார்கள். தலைச்சுமையாகக் கீரை விற்கத் தொடங்கியவள், பிறகு காய்கறிக் கடை போட்டாள். இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தாள். குடித்தே செத்த புருஷனை அழாமல் அடக்கம் செய்தாள். எழுபதை நெருங்கிவிட்டாள், குரல் மட்டும் இறங்கவில்லை.

மார்க்கெட்டில் காட்டும் கோபமெல்லாம் சில்லறை. பெரிய கோபம் போன மாதம்தான் வந்தது. வந்ததில் நியாயமும் இருந்தது.

அவள் ஊருக்கும் டவுனுக்கும் நடுவே பலமனேர் ரோட்டில் ஒரு மேடு. அதன்மேல் ஒரு சுமைதாங்கி இருந்தது. தோள் உயரத்துக்கு நட்ட இரண்டு கல், அவற்றின்மேல் குறுக்கே ஒரு பலகைக்கல். எப்சிபா சின்னப் பிள்ளையாக இருந்தபோது, அவள் அம்மா ரெபேக்காள் நிறைமாதத்தில் கீரைக்கூடையோடு அந்த மேட்டில் ஏறினாள். கூடையை இறக்கிவிட ஆள் இல்லை. குனிய வயிறு விடவில்லை. தலையில் பாரத்தோடு வெயிலில் நின்றே கிடந்தவள், பிள்ளை பிறக்காமலே மறுநாள் செத்துப்போனாள்.

வயிற்றுச் சுமையை இறக்காமல் போனவளுக்கு வழியில் ஒரு சுமைதாங்கி வைக்க வேண்டும், அதில் யார் சுமையை இறக்கினாலும் அவள் பாரம் குறையும் என்பது அந்தப் பக்கத்து வழக்கம். சர்ச் சபையின் மூப்பர்கள் எகிறினார்கள். வேதக்காரர்களுக்கு இந்த வழக்கமெல்லாம் எதற்கு என்றார்கள். எப்சிபாவின் அப்பா, நைனா பிரகாசம், நேரே கல்தச்சனிடம் போனார். பலகைக்கல்லில் ஒரு சிலுவையும் 'ரெபேக்காள் நினைவாக' என்ற எழுத்தும் வெட்டவைத்து, மேட்டில் நட்டுவிட்டு வந்தார். அப்புறம் எல்லா சாதிக்காரர்களும் அதில்தான் சுமை இறக்கினார்கள், மூப்பர் வீட்டுப் பெண்களும்தான். வயிற்றில் மூத்த மகளோடு எப்சிபாவும் இறக்கியிருக்கிறாள். "அம்மா, புடிச்சுக்கோ" என்று சொல்லித்தான் கூடையை வைப்பாள்.

ரோடு அகலமானபோது கல் காணாமல் போனது. பொக்லைன்காரனில் தொடங்கி காண்ட்ராக்டர் வரைக்கும் எல்லோரையும் வறுத்தெடுத்தாள். யாருக்கும் தெரியவில்லையாம்.

போன மாதம் தக்காளி எடுக்க ஆட்டோவில் போகும்போது, ரோட்டோரத்துப் புது ஓட்டல் வாசலில் அதைப் பார்த்தாள். முழங்கால் உயரத்துக்கு இரண்டு செங்கல் திட்டு, அதன்மேல் அவள் அம்மாவின் கல். சிலுவையையும் எழுத்தையும் சிமெண்ட் வைத்துப் பூசியிருந்தார்கள். ஒரு ஜோடி அதில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டபடி செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் தெலுங்கில் பளபளவென்று போர்டு: 'ராஜாக்களின் படைவீரர்கள் இளைப்பாறிய ஆசனம்.' எந்த ராஜா என்று எழுதவில்லை. எழுதினால்தானே பொய் பிடிபடும்!

அன்று சாயங்காலமே தம்பி ஆசிர் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னாள். ஆசிர் சபையின் செயலாளர். அம்மா சாகும்போது தவழ்ந்துகொண்டிருந்தவன். தலையை நிமிர்த்தவே இல்லை.

"கல்லு கிரஷருக்குப் போவுதுன்னாங்கக்கா. ஓட்டல்காரரு பத்திரமா வெச்சிக்கிறேன், அம்மா பேரு போட்டு போர்டு வெக்கிறேன்னாரு. நான்தான் குடுத்தேன்."

"நான் ஊரெல்லாம் கத்திக்கினு திரிஞ்சேனே, அப்ப வாயில இன்னா வெச்சிருந்த?"

"நீ திட்டுவேன்னுதான்..."

எப்சிபா அவனைத் திட்டவில்லை. ஆசிருக்கு அதுதான் பயமாக இருந்தது.

மறுநாள் காலை தலையில் தக்காளிக் கூடையோடு அவள் ஓட்டலுக்கு நடந்தாள். ஆசிர் பின்னாலேயே ஓடினான். கல்லுக்கு முன்னால் போய் நின்றாள். கூடையை இறக்கவில்லை.

மேனேஜர் சிரஞ்சீவி ஓடிவந்தான். "ஏந்திம்மா இதி? கிந்த பெட்டண்டி!" கீழே வையுங்கள் என்று தெலுங்கில் கெஞ்சினான்.

"எங்க வெக்கிறது? குனிஞ்சாடா வெப்பாங்க சுமைதாங்கியில? குனிய முடியாம செத்தவளுக்கு வெச்ச கல்லுடா இது!"

கூட்டம் கூடியது. செல்போன்கள் உயர்ந்தன. போர்டை இன்றைக்கே எடுத்துவிடுகிறேன் என்றான் சிரஞ்சீவி. அவள் அசையவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. காவலாளி கூடையைப் பிடிக்க வந்தான்.

"தொடாத! எங்கம்மாவுக்கு அன்னிக்கு யாரும் வரல."

ஆசிருக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. அழுதுகொண்டே குனிந்து கல்லின் ஒரு முனையில் கை கொடுத்தான். அவனைப் பார்த்துக் காவலாளியும், சமையல்காரர்கள் இரண்டு பேரும், கடைசியில் சிரஞ்சீவியும் கை கொடுத்தார்கள். கல் திட்டைவிட்டுக் கிளம்பியது, இடுப்புக்கு வந்தது, தோளுக்கு ஏறியது.

"அம்மா, புடிச்சுக்கோ" என்று சொல்லி எப்சிபா கூடையை அதன்மேல் இறக்கினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"அக்கா, தோளு போவுது. கல்ல எறக்கிரலாமா?" என்றான் ஆசிர்.

"மேஸ்திரிக்குப் போன் போடு. அவன் வந்து தோளு ஒசரத்துக்கு ரெண்டு கல்ல நடுற வரைக்கும் இப்படியே நில்லுங்க. எறக்க எடமில்லாம நிக்கறது எப்படி இருக்கும்னு தெரியட்டும்."