கீல் டாக்டர் முத்தோக்கா

பசைப் புட்டியின் மூடியைத் திறப்பதற்கு முன் முத்தோக்கா எல்லோரையும் இரண்டடி பின்னால் போகச் சொல்வார். "மூச்சு விடாதீங்கப்பா, பசை கோச்சுக்கும்." அத்தி ஆற்றுச் சமவெளியின் காற்று கன்றுக்குட்டியையே தள்ளிக்கொண்டு போகும். அங்கே நாலு பேருடைய மூச்சு என்ன செய்துவிடப் போகிறது? ஆனாலும் மாதிரி விமான மன்றத்து ஆட்கள் வருடக்கணக்காகப் பின்னால் போகிறார்கள். சிலர் உண்மையிலேயே மூச்சை அடக்கிக்கொள்கிறார்கள்.

வார நாட்களில் அவர் மச்சாக்கோஸ் நகரில் ஆயுள் காப்பீடு விற்கிறார். சனிக்கிழமைகளில் மைதானத்துக்கு வந்து இறக்கை ஒட்டுகிறார். இறக்கை என்றால் முழு இறக்கை இல்லை. அதன் பின்விளிம்பில் மேலும் கீழும் அசைந்து விமானத்தைச் சாய்க்கிற மெல்லிய பலகை இருக்கிறதே, மடல், அதைக் கீல் வைத்து இறக்கையோடு சேர்ப்பார். அந்த ஒரு வேலைக்கு மன்றம் அவருக்குக் கொடுத்த பட்டம் 'கீல் டாக்டர்'. கொடுத்தவன் கியோக்கோ என்கிற லாரி மெக்கானிக், கிண்டலாகக் கொடுத்தான். முத்தோக்கா அதை விருதாக வாங்கிக்கொண்டார்.

வேலை என்னவோ நுணுக்கமானதுதான். கீல் என்பது தபால்தலை அளவுள்ள வெள்ளை நார்த்தகடு. பாதி இறக்கைப் பிளவுக்குள், பாதி மடலின் பிளவுக்குள். நடுவில் குண்டூசி குத்தி நிறுத்தி, தண்ணீர் போன்ற பசையை மேலே இரண்டு சொட்டு, திருப்பிப் போட்டுக் கீழே இரண்டு சொட்டு விட வேண்டும். பிறகு சும்மா இருக்க வேண்டும். பசை தானே நாரில் ஊறி மரத்துக்குள் போய்ப் பிடித்துக்கொள்ளும்.

சும்மா இருப்பதுதான் முத்தோக்காவுக்கு ஆகாது. கூட்டம் நிற்கும்போது சும்மா இருந்தால் யார் பார்ப்பார்கள்? பையிலிருந்து ஸ்பிரே ஒன்றை எடுப்பார். பசையை நொடியில் உறைய வைக்கிற மருந்து அது. புஸ் என்று ஒரே அடி. பிளவின் வாயில் பசை வெள்ளையாக உறைந்து நிற்கும். வளர்த்துவைத்த சுண்டுவிரல் நகத்தால் அதைத் தட்டிக் காட்டுவார். "கேட்டியா சத்தத்தை? கல்லு! ஒரு எருமையைக் கட்டித் தொங்கவிடலாம்."

வாய் உறைந்துவிட்டால் தொண்டைக்குள் எப்படி இறங்கும் என்று யாரும் கேட்டதில்லை. அவருடைய சொந்த விமானங்கள் மூன்றும் வீட்டுக் கூரையில் தொங்குகின்றன, பறந்ததே கிடையாது. கேட்டால், "இவ்வளவு நேர்த்தியா செஞ்சதை யாராவது ஆகாசத்துல விடுவானா?" என்பார்.

மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. பறக்கவிடுவதற்கு முன்னால், செய்தவர் அல்லாத வேறொருவர் ஒவ்வொரு மடலையும் இரண்டு விரலால் பிடித்து இழுத்துப் பார்க்க வேண்டும். வந்தால் தரையிலேயே வரட்டும் என்பதற்காக. முத்தோக்கா மற்றவர்களுடையதைக் கோழி இறகு பிடுங்குவதுபோல இழுப்பார். அவர் ஒட்டியதை மட்டும் யாரும் தொடக்கூடாது. ஒருமுறை கியோக்கோ தொட்டான். "என்னைச் சந்தேகப்படுறியா? உங்க அப்பன் வயசுடா எனக்கு!" என்று கத்திவிட்டு, அந்த மழைக்காலம் முழுக்க அவனோடு பேசவில்லை.

கவின்யா மன்றத்துக்குப் புதியவள். இயற்பியல் பட்டம் வாங்கி வேலையில்லாமல் இருந்தாள். நார்க்கற்றாழைத் தோட்டத்தில் கூலி வேலை பார்த்து அவளைப் படிக்கவைத்த அப்பா, "படிச்ச படிப்புக்குப் பொம்மை விடுறியாம்மா?" என்று கேட்டார். பதில் சியோக்காவு அம்மையாரின் உருவத்தில் வந்தது. தனியார் பள்ளித் தலைமையாசிரியை. பிள்ளைகளுக்கு விமானம் செய்யக் கற்றுத்தர ஓர் ஆள் வேண்டும் என்றார். அடுத்த சனிக்கிழமை மைதானத்துக்கு வந்து அவள் விமானத்தைப் பார்ப்பதாகவும் சொன்னார்.

மஞ்சள் தாள் போர்த்திய அந்த விமானத்துக்கு மடல் மட்டும்தான் மிச்சம். அவள் பசையைக் கையில் எடுத்ததுமே முத்தோக்கா வந்துவிட்டார்.

"கொண்டா மகளே. வாழ்க்கைப் பிரச்சினை இது. உன் கை நடுங்குது பாரு."

"நடுங்கலையே மாமா."

"எனக்குத் தெரியுது. உனக்குத் தெரியாது."

இரண்டடி பின்னால் போனாள். புஸ் என்று சத்தம் கேட்டது. திரவம் நாரில் ஏற நேரம் வேண்டும் என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவள் அவள். இழுத்துப் பார்த்திருக்கலாம். இரண்டு விரல் போதும். பெரியவர் கையைத் தட்டிவிடாதே என்று கேட்டு வளர்ந்த விரல்கள் நீளவில்லை. இத்தனை படித்து எதைக் கற்றுக்கொண்டேன் என்று பிறகு பல நாள் தன்னையே கேட்டுக்கொண்டாள். அன்று, "நன்றி மாமா" என்று மட்டும் சொன்னாள்.

சனிக்கிழமை சியோக்காவு அம்மையார் குடை பிடித்துக்கொண்டு வந்தார். முத்தோக்கா அவர் பக்கத்திலேயே நின்று ஒன்றுக்கு மூன்று முறை சொன்னார்: "கீல் எல்லாம் என் கைவேலை, மேடம்." விமானம் எழுந்தது, நேராகப் போனது. கவின்யா ரிமோட்டால் இடப்பக்கம் சாய்த்துத் திருப்பியபோது மடல் படபடவென்று அடித்துக்கொண்டு, தன்னை அசைக்கிற இழுகம்பியையும் அறுத்துக்கொண்டு தனியே பிரிந்தது. விமானம் ஒரு சுற்றுச் சுற்றி மூக்கால் மண்ணைக் குத்தியது.

எல்லோரும் விமானத்தை நோக்கி ஓடினார்கள். முத்தோக்கா மட்டும் வேறு திசையில் ஓடினார். அவர் ஓடி அன்றுதான் பார்க்கிறோம் என்று பிறகு கியோக்கோ சொன்னான்.

கவின்யா நொறுங்கிய இறக்கையைத் தூக்கினாள். பின்விளிம்பில் மூன்று பிளவுகளும் காலி. விளிம்பில் மட்டும் வெள்ளைப் பொருக்கு. உள்ளே ஈரம் பட்ட தடமே இல்லை. கியோக்கோ குனிந்து பார்த்துவிட்டு அவள் காதில் கேட்டான்.

"வீட்டுக்குப் போய் நீ ரெண்டு சொட்டு விடலையா?"

"எதுக்கு?"

"அடிப்பாவி! டாக்டர் ஒட்டினா, நாங்க எல்லாரும் வீட்டுல போய் ஊசியால ஓட்டை போட்டு, மறுபடி பசை விட்டுத்தானே பறக்க விடுவோம்? உனக்கு யாரும் சொல்லலையா?"

யாரும் சொல்லவில்லை. ஒரு கிழவரின் முகம் வாடக்கூடாது என்று ஒரு மன்றமே ஒளிந்து ஒளிந்து ஒட்டியிருக்கிறது. அத்தனை வருடப் புகழும் அடுத்தவர்கள் விட்ட சொட்டில் நின்றிருக்கிறது.

குடையோடு வந்துசேர்ந்த தலைமையாசிரியை கேட்டார்: "கழண்டது உங்க கைவேலைதானே?"

திரும்பி வந்திருந்த முத்தோக்காவுக்கு மூச்சு வாங்கியது. "ஐயோ மேடம், இதுல எல்லாமே இந்தப் பொண்ணு செஞ்சது. நான் பக்கத்துல நின்னு ஆசீர்வாதம் பண்ணினேன். அவ்வளவுதான்."

கவின்யா நொறுங்கிய இறக்கையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"யார் ஒட்டினா என்ன," என்றார் அம்மையார். "எங்க பிள்ளைங்க கையிலயும் விழத்தான் போகுது. ஏன் விழுந்துச்சுன்னு சொல்லித்தர ஆளு வேணும் எனக்கு. திங்கக்கிழமை அந்தக் கழண்ட துண்டைக் கொண்டாம்மா. காரணத்தைக் காட்டு. வேலையைப் பத்தி அப்புறம் பேசலாம்."

எல்லோரும் புல்லில் தேடினார்கள். முத்தோக்காவும் தேடினார். வெயிலிலும் கழற்றாத கோட்டுக்கு எல்லாப் பொத்தானும் போட்டு, வலது கையை விலாவோடு இறுக்கிக்கொண்டு, காலால் புல்லைத் தள்ளித் தள்ளித் தேடினார். "மாடு தின்னிருக்கும்," என்றார். கோட்டின் கீழ்விளிம்பில் விரல்கடை அளவுக்கு மஞ்சள் தெரிந்தது. கவின்யா பார்த்தாள். "மாமா..." என்றாள். அவர் திரும்பவில்லை. விடைபெற வந்த அம்மையார் கை நீட்டியபோது இடது கையைக் கொடுத்தார். அம்மையார் அந்தக் கையை ஒரு கணம் பார்த்துவிட்டுத் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார்.

திங்களன்று கவின்யா இறக்கையை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள். பிளவுகளைக் காட்டினாள். "பாதிக் கதைதான் இருக்கு. மறுபாதி எங்க?" என்றார் அம்மையார். பள்ளிப் பருவம் முடியும்வரை அந்த வேலையைக் காலியாக வைத்திருக்க ஒப்புக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை முத்தோக்கா வெறும் சட்டையோடு வந்திருந்தார். கவின்யா இந்த முறை எல்லோர் முன்னிலையிலும், சத்தமாக, "என் மடலைக் குடுங்க" என்றாள்.

"கோட்டைச் சலவைக்குப் போட்டிருக்கேனே," என்றார் அவர்.

கோட்டைப் பற்றி யாருமே கேட்கவில்லை. கியோக்கோ வாய்விட்டுச் சிரித்தான். மற்றவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள்.

பருவம் முடியப் போகிறது. கோட்டு இன்னும் சலவையிலிருந்து வரவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் கவின்யா அவர் முன்னால் போய், கேட்காமல், உள்ளங்கையை மட்டும் நீட்டுகிறாள். முத்தோக்கா வானத்தைப் பார்க்கிறார். அவருடைய வலது கை, கோட்டு இல்லாமலே, விலாவோடு போய் ஒட்டிக்கொள்கிறது.